பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஸ்டீரியோ செட்

வீட்டு உபயோகத்துக்கான சிறிய ஸ்டீரியோ செட் பெரும்பாலும் மூன்று பெட்டிகளாக வரும். நடுப்பெட்டியில் ஆம்ப்ளிஃபையர், எஃப்.எம். ரேடியோ, புளூடூத், பென் டிரைவ் சொருகும் இடம், சிலவற்றில் சி.டி. தட்டு ஆகியவை இருக்கும். மற்ற இரண்டும் ஸ்பீக்கர்கள். இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் சற்றே வேறுபட்ட ஒலியைத் தருகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு வயலின் எந்தப் பக்கம், தபேலா எந்தப் பக்கம், பாடகர் எங்கே என்று காது இடம் பிரித்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழ்த் திரையிசைக்கு அது வந்துசேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. 1978-இல் வெளிவந்த ‘பிரியா’ படத்தின் பாடல்களே தமிழின் முதல் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றன. அதற்கு முந்தைய திரைப்பாடல்கள் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. பழைய பாட்டுப் போட்டால் இடம் வலம் பிரியவில்லையே என்று செட்டைக் குறை சொல்லத் தேவையில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதிகளில், அதாவது கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை ஆகியவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், இப்படியொரு செட்டை வைத்துக் கேட்பதற்கு அந்தந்த இடத்துக்கே உரிய சிக்கல்கள் உண்டு. வாடகை வீடுகளில் பல, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒற்றைச் சுவர். கிழக்கே பழவேற்காடு, எண்ணூர் பக்கமிருந்து உப்புக் காற்று வருகிறது. உருக்காலைகளுக்கு அருகே இரும்புத் துகள் கலந்த தூசி படிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலைகள் மூன்று ஷிப்ட் ஓடுவதால் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். செட்டின் விலையைவிட, அதை எங்கே வைக்கிறார்கள், எந்த பிளக்கில் சொருகுகிறார்கள், எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார்கள் என்பவைதான் இங்கே கணக்கில் வரும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட்ஸ் எண். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணை அப்படியே ஒதுக்கிவிடலாம். அதை அளப்பதற்குப் பொதுவான தர விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி கணக்கிட்டுப் போட்டுக்கொள்ளும் எண் அது. பார்க்க வேண்டியது, செட் தொடர்ந்து தரக்கூடிய அளவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதுவும் தெளிவாக இல்லையென்றால் செட்டின் பின்பக்க லேபிளில் உள்ள மின்நுகர்வைப் பார்த்தால் போதும். 40 வாட்ஸ் மட்டுமே இழுக்கும் கருவி, தொடர்ந்து 1000 வாட்ஸ் ஒலியை வெளியே தள்ள வழியே இல்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகும் என்ற எண்ணமும் தவறு. வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே கூடும்; காதுக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறைக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 10 முதல் 20 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம்.

அதே லேபிளில் வோல்டேஜ் எவ்வளவு என்றும் எழுதியிருக்கும். 100–240 வோல்ட் என்று இருந்தால், சாதாரண வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் செட் தானே சமாளித்துக்கொள்ளும். தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. 230 வோல்ட் என்று மட்டும் இருந்தால், மாலை நேரத்தில் விளக்கு மங்கும் பகுதிகளில் ஸ்டெபிலைசர் உதவும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட்டில் கூடுதல் கவனம் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் விற்பவை பெரும்பாலும் நம் மின்சாரத்துக்குப் பொருந்தும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால், அங்கே மட்டும் பயன்படுத்துவதற்காகச் செய்த செட்டை நேராக இங்கே சொருகினால் அந்த நொடியே எரிந்துபோகும். சில செட்களின் பின்புறத்தில் வோல்டேஜ் மாற்றும் சிறு ஸ்விட்ச் இருக்கும். மின்சாரம் கொடுப்பதற்கு முன் அது 220 அல்லது 230-இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளக் விஷயத்தில் ஒரு பழக்கத்தை ஒழித்தாக வேண்டும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளையில் சொருகுவது இன்றும் நடக்கிறது. அந்தப் பெரிய பின்தான் எர்த். செட்டின் உள்ளே ஒரு வயர் கழன்று உலோக உடலில் பட்டால், மின்சாரத்தைத் தரைக்கு இழுத்துச் சென்று ஃபியூஸைப் போகவைப்பது அதுவே. அது இல்லாவிட்டால் அடுத்து செட்டைத் தொடுபவரின் உடல் வழியாக மின்சாரம் இறங்கும். இரண்டு பின்னுடனேயே வரும் செட்களும் உண்டு. அவற்றின் லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருக்கும். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்பது அதன் பொருள். வீட்டின் மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தால், உடலில் கசிவு மின்சாரம் பாயத் தொடங்கியதுமே அது டிரிப் ஆகி உயிரைக் காக்கும். வாடகை வீட்டில் இதை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குவது நியாயமான கோரிக்கை.

சிறிய செட் இழுக்கும் மின்சாரம் குறைவு. ஆறு ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று சுமார் 1380 வாட்ஸ் தாங்கும். செட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. ஆபத்து வருவது அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துச் சொருகும்போது. தளர்ந்த சாக்கெட்டும் அதே அளவு ஆபத்தானது. பிளக்கைத் தொட்டால் சூடாக இருந்தாலோ, சொருகும்போது சடசடவென்று சத்தம் வந்தாலோ சாக்கெட்டை மாற்ற வேண்டும். டேப் சுற்றி ஓட்டுவது தீ விபத்துக்கு வழி.

மின்சாரத்தில் மிகப் பெரிய ஆபத்து வீட்டுக்கு வெளியே, தெருக் கம்பத்தில் இருக்கிறது. கம்பத்தில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து 230 வோல்ட் தருகின்றன. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே இருப்பதோ சுமார் 400 வோல்ட். புயலில் மரக்கிளை விழுந்தோ, உப்புக் காற்றில் இணைப்பு அரித்தோ நியூட்ரல் அறுந்தால், சில வீடுகளுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிய மின்சாரம் பாயும். ஒரு தெருவில் ஒரே மாலையில் பல வீட்டு டி.வி.யும் செட்டும் எரிந்துபோனால் பெரும்பாலும் காரணம் இதுவே. விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பளீரென்று எரிந்தாலோ, ஒரு அறையில் மங்கி இன்னொன்றில் பிரகாசித்தாலோ, யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையையும் கண்ட மாவட்டத்துக்கு இது ஏட்டறிவு அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி இடிக்கத் தொடங்கியதும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்விட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. பிளக்கையே பிடுங்க வேண்டும், வெளியிலிருந்து வரும் கேபிள், ஆன்டெனா வயர்களையும் கழற்ற வேண்டும். வெள்ளநீர் புகுந்த செட்டை, காய்ந்துவிட்டதே என்று தானாக ஆன் செய்து பார்ப்பது தவறு. மெக்கானிக் திறந்து பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஸ்பீக்கர் வயரை இணைப்பது எளிய வேலை, ஆனால் செட் பழுதாவதற்கு அடிக்கடி காரணமாவதும் அதுவே. பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொடங்க வேண்டும். வயர் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையை உரித்து, செம்பு இழைகளை இறுக்கமாக முறுக்கி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருக வேண்டும். ஒற்றை இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுப் பகுதி போய்விடும். செட்டின் பின்புறம் 6 ஓம் என்றோ 8 ஓம் என்றோ குறித்திருந்தால், ஸ்பீக்கரும் அந்த அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பழைய ஸ்பீக்கர் ஜோடியையும் அதே முனைகளில் சேர்த்து மாட்டினால், இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும். செட் கூடுதல் மின்னோட்டத்தைத் தள்ளிச் சூடேறி, ஒருநாள் நின்றுவிடும்.

இணைப்பு சரியா என்று அறிய விலையில்லாத சோதனை ஒன்று உண்டு. 1950-களிலோ 60-களிலோ வந்த மோனோ பாடல் ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சற்றுத் தள்ளி உட்கார வேண்டும். பாடகரின் குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், அங்கே ஓர் ஆள் நிற்பதுபோல் உறுதியாகக் கேட்டால் இணைப்பு சரி. குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், பாஸும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து இரண்டின் கீழ்ஸ்தாயி ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். இணையத்தில் ‘ஸ்டீரியோவாக மாற்றியது’ என்று கிடைக்கும் பழைய பாடல்கள் இந்தச் சோதனைக்கு உதவா.

அடுத்தது இடம். ஸ்பீக்கர்களை நடுப்பெட்டியின் இரு பக்கமும் ஒட்டி வைப்பதுதான் வழக்கம். அப்படி வைத்தால் ஸ்டீரியோவுக்குக் கொடுத்த பணம் வீண். இரண்டுக்கும் இடையே ஐந்து முதல் ஆறரை அடி இடைவெளி விட்டு, உட்காருபவரும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும். ஸ்பீக்கரில் மேலே உள்ள சிறிய வட்டம், அதாவது ட்வீட்டர், உட்காருபவரின் காது உயரத்துக்கு வர வேண்டும். பாயில் உட்கார்ந்து கேட்கும் வீட்டில் ஸ்பீக்கரும் தாழ இருக்க வேண்டும். பரணில் வைத்துவிட்டு ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறை ஒலிக்கு ஆகாதது. பத்தடி இடைவெளியில் நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலியும் அதன் இருமடங்கான 114 ஹெர்ட்ஸும் தேங்கி நிற்கும். சதுர அறையில் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே ஒலியைத் தேக்குவதால் பாஸ் கிட்டாரின் சில ஸ்வரங்கள் மட்டும் ‘பூம்’ என்று வீங்கும், மற்றவை காணாமல் போகும். கட்டிய வாடகை வீட்டின் அளவை மாற்ற முடியாது, ஸ்பீக்கரை நகர்த்தலாம். மூலையில் வைத்தால் வீக்கம் அதிகம். மூலையை விட்டு ஒரு முழமாவது விலக்கி, பின்சுவரிலிருந்து அரையடி முன்னே இழுத்தாலே வித்தியாசம் தெரியும். கேட்பவர் முதுகுச் சுவரில் சாய்ந்தும் உட்காரக் கூடாது, அறையின் மிகச்சரியான நடுவிலும் உட்காரக் கூடாது. சுவரோரம் பாஸ் வீங்கும், நட்டநடுவில் வற்றும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் எதிரொலித்துக் கூசும். கனத்த திரைச்சீலை, சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை, விரித்த பாய் ஆகியவை அந்தக் கூச்சத்தை உறிஞ்சிவிடும். இரும்பு பீரோவின் மேல் ஸ்பீக்கரை ஏற்றுவது மிக மோசமான தேர்வு. பீரோவும் தகரக் கூரையும் பாட்டோடு சேர்ந்து அதிரும், அந்த அதிர்வு பொதுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கும். ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு நான்கு வைத்தால் இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறையும்.

நடுப்பெட்டிக்கு வேண்டியது காற்று. நான்கு பக்கமும் மேலேயும் நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். தூசிக்குப் பயந்து போடும் பூவேலைத் துணி உறை செட் அணைந்திருக்கும்போது நல்லது. பாட்டு ஓடும்போது அது அடுப்பு. கும்மிடிப்பூண்டியின் இரும்புத் தூசி ஸ்பீக்கருக்குத் தனிப்பகை. ஸ்பீக்கரின் காந்தம் இரும்புத் துகளை இழுக்கும். துகள் சுருளின் இடைவெளியில் புகுந்தால் கரகரப்பு வரும், அதைப் பிறகு எடுக்க முடியாது. ஆகவே முன்பக்க வலைத்துணியைக் கழற்றி வைத்துப் பெருமைப்படுவது இங்கே ஆகாது. கடலோர ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறை ஸ்பீக்கர் வயர் முனைகளைக் கழற்றிப் பார்த்து, பச்சை பிடித்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்துச் செருக வேண்டும். சூடு தேடி வரும் பல்லியும் எறும்பும் செட்டுக்குள் இறந்து ஷார்ட் ஏற்படுத்துவதும் உண்டு. அதைத் தடுக்க, கேட்காத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவைப்பதே எளிய வழி.

எஃப்.எம். ரேடியோவுக்குச் செட்டுடன் ஒரு வயர் ஆன்டெனா தருவார்கள். அதைச் சுருட்டி முடிச்சுப் போட்டே வைத்திருப்பவர்கள் ஏராளம். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டருக்காவது வயரை முழுதாக நீட்டி, சுவரில் ஒட்ட வேண்டும். இந்தியாவில் அகில இந்திய வானொலியின் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியதே சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கும்மிடிப்பூண்டியில் அந்த வானொலியின் 101.4, 102.3 அலைவரிசைகளில் இரைச்சல் வந்தால், ரேடியோவை மோனோவுக்கு மாற்றினாலே பெரும்பகுதி அடங்கிவிடும். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அதிக வலுவுள்ள சிக்னல் தேவை என்பதே காரணம்.

முதல்முறை ஆன் செய்யும்போது வால்யூம் அடியில் இருக்க வேண்டும். பாஸ், ட்ரெபிள் இரண்டும் நடுவில். பாஸ் பூஸ்ட் பொத்தானை அணைத்துவிட்டுக் கேட்டுப் பழகிய பிறகு வேண்டுமானால் கூட்டலாம். ஒலி பிசிறத் தொடங்கினால் உடனே குறைக்க வேண்டும். அந்தப் பிசிறல் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டிவிட்டதன் அடையாளம், முதலில் எரிவது ட்வீட்டர். குழந்தைகள் உள்ள வீட்டில் ரிமோட்டையும் கவனிக்க வேண்டும். மெல்லிய ரிமோட்டுகளில் காசு வடிவ லித்தியம் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு ஓட வேண்டும்.

இனி காது. ஆலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே தொழிற்சாலை விதிகளின் உச்சவரம்பு. இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. உருட்டாலையிலோ பிரஸ் ஷாப்பிலோ ஷிப்ட் முடித்து வருபவரின் காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அந்த நிலையில் வழக்கமான வால்யூம் போதவில்லை என்று தோன்றும். கை தானாகக் கூட்டும். களைத்த காதின் மேல் இன்னும் சத்தத்தைக் கொட்டுவதாகவே அது முடியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதைப் பாதுகாப்பான எல்லையாக வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். ஆலைத் தொழிலாளியின் காது அந்தக் கணக்கை வேலையிடத்திலேயே செலவழித்துவிட்டு வருகிறது. அதனால் ஷிப்ட் முடிந்த கையோடு வால்யூமை நிர்ணயிக்கக் கூடாது. ஓய்வான ஒரு நாள் காலையில் இனிமையாகக் கேட்கும் அளவைப் பார்த்து, அந்த எண்ணுக்கு மேல் எந்த நாளும் போவதில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் ஏற்கெனவே அதிகம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மீண்டும் வளராது. காதில் ‘கீ’ என்ற ஒலி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தாமதிக்காமல் காது மருத்துவரிடம் செவித்திறன் சோதனை கேட்டுப் பெற வேண்டும்.

சட்டம் அக்கம்பக்கத்தாருக்கும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், அதன் பிறகு 45 டெசிபல். தனியார் வீட்டு ஒலிக்கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது. பகலில் தளர்வு, இரவில் கண்டிப்பு என்ற இந்த ஏற்பாடு, எல்லோரும் இரவில் தூங்கும் ஊரை நினைத்து எழுதியது. சிப்காட்டைச் சுற்றிய தெருக்களில் இரவு ஷிப்ட் முடித்தவர் காலையில்தான் படுக்கிறார். காலை பத்து மணிப் பாட்டு அவருக்கு நள்ளிரவுப் பாட்டு. எனவே செட் வாங்கிய வாரமே பக்கத்து வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட், அது எந்த நாளில் மாறுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில் ஹெட்ஃபோனும் வேண்டாம், அது காதுக்கு இன்னும் நெருக்கம். பாஸைக் குறைத்து, ஸ்பீக்கரைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி, மெல்லக் கேளுங்கள்.